வேலிக்கு இந்தப்பக்க அரிசி

ஃபிஜித் தீவில் ஆட்சியைக் கவிழ்த்தவர்களின் ஆட்கள் கரும்புக்காட்டு இந்தியர் வீடுகளைச் சூறையாடிய அந்த மாதம் முழுக்க, மோகினி வீட்டு வாசலில் காவலுக்குக் கிடந்தவன் பக்கத்து வீட்டுப் பூர்வகுடி ஃபிஜிக்காரன் செமி. வேலிக்கு மேலே மரவள்ளிக் கிழங்கு நீட்டியவனும் அவன்தான்.

பிறகு லவுத்தோக்கா நகரத்திலிருந்து நிவாரண லாரி வந்தது. “பாதிக்கப்பட்ட இந்தியர்களுக்கு மட்டும்தான். வேறு யாருக்காவது ஒரு பிடி போனாலும் அடுத்த தடவை உங்களுக்கு அரிசி கிடையாது” என்று கறாராகச் சொல்லி மூட்டையை இறக்கினார்கள் அந்தப் புண்ணியவான்கள். செமியின் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோகினி தலையைக் குனிந்தபடி மூட்டையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அதோடு கிழங்கும் நின்றது, காவலும் நின்றது.

மறுவாரம் வெட்டுக்கத்திகளோடு கும்பல் வந்தது. “செமி அண்ணே!” என்று மோகினி தொண்டை கிழியக் கத்தினாள். வேலிக்கு அந்தப்பக்கம் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.