நடு முட்டு

"தூக்குங்கப்பா, பார்த்து!" என்று யாரோ குரல் கொடுக்க, ஆறு பேரும் குனிந்து பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். அது ஐந்து தோளில்தான் உட்கார்ந்தது. இடப்பக்கம் முன்னால் பெரியவன், பின்னால் மச்சான், இரண்டும் நெட்டைக்கொக்கு. நடுவில் நின்ற சின்னவனின் தோளுக்கும் பெட்டிக்கும் இரண்டு விரல் இடைவெளி. உள்ளே கிடந்த அப்பா உயிரோடு இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பார்.

கட்டட வேலைக்கு அப்பாவும் மகன்கள் இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள். இரும்பு உத்தரத்தைச் சுமக்கும்போதெல்லாம் அப்பா இவனை நடுவில் விடுவார். "இவன் எங்க தூக்குறான்? சும்மா தொட்டுக்கிட்டு வருவான்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவார். மனுஷனுக்கு நாக்கில் விஷம். கேட்டுக் கேட்டு இவனுக்கு மரத்துப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

வாசலில் அம்மா பெரியவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானடா உத்தரத்துக்கு முட்டு வெச்ச? ஒழுங்கா நிறுத்தத் தெரியாதா? பெத்த அப்பனைக் கொன்னுட்டியேடா, பாவி!"

பெரியவன் பெட்டியைத் தோளில் சரிசெய்துகொண்டான். 'ஆட்டிப் பார்த்துட்டுத்தாம்மா வந்தேன்' என்று நேற்றிலிருந்து சொல்லி அலுத்திருந்தான். சின்னவன் தரையைப் பார்த்தான். இப்போதே சொல்லிவிடலாம். அதற்குள் பெட்டி தெருவில் இறங்கியது.

பழைய சுவரை இடிப்பதற்காக உத்தரத்தின் இரு முனையிலும் பெரியவன் முட்டு கொடுத்திருந்தான். இரண்டும் அசையாமல் நின்றன. எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில், சின்னவன் நடுவில் மூன்றாவது முட்டு ஒன்றை நிறுத்தி, அடியில் ஆப்பு வைத்து, ஆசை தீர அடித்தான். அப்பா பார்த்துவிட்டு 'பரவாயில்லையே' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான். வளையாத இரும்பு அது. நடுவில் எழும்பியதும் ஒரு முனை தன் முட்டிலிருந்து ஒரு நூல் அளவு மேலே கிளம்பிவிட்டது. பளு இல்லாத முட்டு வெறும் கம்பு. டீ குடித்துத் திரும்பி வந்த அப்பாவின் முழங்கை பட்டதும் அது சாய்ந்தது. உத்தரம் ஆடி, நடு முட்டுக் கம்பையும் தள்ளிக்கொண்டு அவர்மேல் இறங்கியது. இடிபாட்டில் கிடந்த முட்டுகளை யாரும் எண்ணவில்லை.

தெருமுனையில் மூச்சு வாங்க நின்றபோது, சின்னவன் கழுத்துத் துண்டை எட்டாக மடித்துத் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே திணித்தான். இன்றைக்காவது அப்பாவைச் சுமக்க வேண்டும். அடேயப்பா, என்ன பளு! எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. அந்த வலி அவனுக்கு வேண்டியிருந்தது.

நடந்துகொண்டிருந்த பெரியவன் தோளை ஆட்டிப் பார்த்தான். தன் தோளுக்கும் பெட்டிக்கும் நடுவே விரலை விட்டான். அது தடங்கலில்லாமல் போய்வந்தது. மெல்லத் திரும்பி, சின்னவன் தோளில் இருந்த துண்டைப் பார்த்தான். அப்புறம் முகத்தை.

"நடுவுல நீ ஒண்ணு வெச்சியாடா?"

சின்னவன் ஆமாம் என்று தலையசைத்தான்.

நாலு எட்டு நடந்தார்கள். அண்ணன் அங்கேயே அடித்துப் போட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடறேண்ணே."

"வாயைத் திறந்தே, பல்லு இருக்காது. அவளுக்கு இனிமே நீ ஒருத்தன்தான். பழி என் மேலயே கிடக்கட்டும். அதெல்லாம் உன்னால தூக்க முடியாது. துண்டை எடு."

எடுத்தான். பெட்டி பெரியவனின் தோளில் தொம்மென்று இறங்கியது. இடுகாடு வரைக்கும் சின்னவன் கையை உயர்த்தி, பெட்டியைத் தொட்டுக்கொண்டே போனான்.