இரண்டு பாட்டோடு நின்ற ஆட்டம்

கணவன் ரூபென் இருந்தவரை ஒஃபெலியாவும் அவனும் புவெனஸ் ஐரிஸின் ஒரு டாங்கோ நடன மன்றத்தில் மூலை மேசையில் ஜோடியாகத்தான் உட்காருவார்கள். ஜோடியாக வந்தவளை, அவளுடைய துணையைக் கேட்காமல் வேறு ஆண் ஆட அழைப்பதில்லை. அது அங்கே மரியாதை. அவனை அடக்கம் செய்து ஒரு குளிர்காலம் கழிந்த பிறகு, ஞாயிறு மாலைகளில் அவள் தனியாக வந்து பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள். மரியாதை மட்டும் விலகவில்லை. எதிர்வரிசை ஆண்கள் தூரத்திலிருந்தே ஒருத்தியைப் பார்த்துத் தலையசைப்பார்கள், அவளும் அசைத்தால் எழுந்து வருவார்கள். அவர்களுடைய பார்வை ஒஃபெலியாவை எட்டியதும் வழுக்கிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனது.

"எல்லாரும் ரூபெனோட சீட்டாடினவனுங்கடி," என்றாள் பக்கத்திலிருந்த தோழி மிர்த்தா. "உன்னைக் கட்டிப்பிடிச்சு ஆட பயப்படறானுங்க."

"செத்தவன்கிட்ட என்ன பயம்?"

"உயிரோட இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆடலாம். இப்ப யாரைக் கேக்கறது?"

அன்றைக்கு ஒரு பின்லாந்துக்காரர் வந்திருந்தார். யோர்மா என்று பெயர். நரைத்த, உயரமான மனிதர். ஆட்டத் தளத்தைக் குறுக்கே கடந்து நேராக ஒஃபெலியாவின் மேசைக்கே வந்து, குனிந்து, கையை நீட்டினார்.

"மேசைக்கே வர்றான் பாரு!" மிர்த்தா காலால் இடித்தாள். "தலையைத் திருப்பிக்கோ."

திருப்பிக்கொள்ளத்தான் நினைத்தாள். அதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

நன்றாக ஆடினார். அவசரமே இல்லை. முதுகில் ஒரு உள்ளங்கை படிந்து எத்தனை காலமாயிற்று! இரண்டாவது பாட்டில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பாட்டு முடிந்ததும் அவர், "நன்றி," என்றார்.

அந்த மன்றத்தில் நான்கு பாட்டுக்கு ஒரே துணை. நடுவில் நன்றி சொன்னால், உன்னோடு ஆடியது போதும் என்று அர்த்தம். அவரோ அவள் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டு, அடுத்த பாட்டுக்குக் காத்து நின்ற ஜோடிகளுக்கு நடுவே அவளை நடத்திவந்து, நாற்காலியை இழுத்து உட்காரவைத்து, மறுபடி குனிந்துவிட்டுப் போனார். மூன்றாவது பாட்டு தொடங்கியது. வரிசையில் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

மிர்த்தா எழுந்து போய் அவரிடம் விசாரித்துவிட்டு வந்தாள். "அவங்க ஊர்ல ரெண்டு பாட்டுதானாம். நன்றி சொல்லி இடத்துல கொண்டுவந்து விடறதுதான் முறையாம். பாவம், முகமெல்லாம் செவந்து நிக்கறார். மறுபடி வரட்டுமான்னு கேக்கறார்."

"இங்க பாத்த அத்தனை பேர்கிட்டயும் போய் நீ இதைச் சொல்லுவியா?"

ஒஃபெலியா ஆட்டக் காலணியைக் கழற்றினாள்.

வாசலில் ரூபெனின் நண்பர் அன்செல்மோ அவளுக்குக் கோட்டைப் பிடித்துக்கொடுத்தார். "ரூபென் இருந்திருந்தா இப்படி ஒரு அவமானம் உங்களுக்கு வந்திருக்குமா, அண்ணி?"

"அவர் போனதுலேர்ந்து நீங்க ஒரு தடவையாவது என் பக்கம் பாத்தீங்களா, அன்செல்மோ?"

"அது… உங்க மேல இருக்கற மரியாதைதான்."

"அந்த ஆளும் மரியாதையாத்தான் கொண்டுவந்து விட்டார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்த ஞாயிறு முழங்கால் வலி என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னாள். மிர்த்தா சில வாரம் போன் செய்து கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு ஒருநாள், அவளுடைய நாற்காலியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். யாருக்கு என்று ஒஃபெலியா கேட்கவில்லை.