ஒரு விரற்கடை

நில அளவையாளர் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் புல்தரை தினம் ஒரு விரற்கடை கீழே இறங்குகிறது. மூன்று வருடமாகிறது, போன வாரம் அளந்தபோது அறுபது அடி. அக்கம்பக்கத்தில் வேறு எந்தப் புல்லும் இப்படிச் செய்யவில்லை.

எல்லாம் அவர் மனைவிக்காக ஆரம்பித்த வேலை. அந்த அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலியில் பின்வாசல் வரை வருவார், அதற்கப்பால் மேடும் பள்ளமும். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் மனிதர் வாங்கிக் கட்டிக்கொள்வார். “நான் என்ன மூட்டையா? நானே உருட்டிக்கிட்டுப் போய்ப் புல்லுல கால வைப்பேன். இல்லன்னா விட்டுடுங்க.” அதனால் வாசற்படி மட்டத்துக்கு மரத்தளம், அதே மட்டத்துக்குப் புல்தரை என்று முடிவாயிற்று. தளமும் புல்லும் சேருமிடத்தில் ஒரு விரற்கடை விட்டுக் கூழாங்கல் நிரப்புவது தச்சரின் வழக்கம். “மரமும் மண்ணும் ஒட்டக்கூடாது சார். ரெண்டுக்கும் மூச்சு முட்டும்.” ஆயுள் முழுக்க அடுத்தவர் எல்லைகளை அளந்தவரிடமா இது எடுபடும்? சக்கரம் கூழாங்கல்லில் தட்டினால் அவளுக்கு வலிக்கும் என்றார், மயிரிழைகூட இடைவெளி கூடாது என்றார். தச்சர் தலையிலடித்துக்கொண்டு ஒட்டியே அடித்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவிலேயே நின்றது.

அன்று சாயங்காலமே அந்த அம்மா கிளம்பிவிட்டார். விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது இவர் குறுக்கே நின்றார். “பத்து நாள் பொறும்மா. புல்லு இன்னும் வேர் பிடிக்கல. சக்கரம் ஏறினா தடம் விழுந்துடும்.” அந்த அம்மா நாற்காலியைத் திருப்பினார். அந்தப் பத்து நாளைத்தான் எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறோம். பதினோராம் நாள் காலை புல் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பலகை சாய்த்தார்கள், நுனி பட்டதும் புல் இன்னொரு முழம் விலகியது. இரும்புத் தகடு வைத்தார்கள், அதற்கும் அப்படியே. கடைசியில் தச்சர் தளத்தின் ஓரத்தை ஒரு விரற்கடை அறுத்தெடுத்துக் கூழாங்கல் போட்டுப் பார்த்தார். அதற்குள் புல்லுக்கு இறங்குவது பழகிவிட்டது.

இரண்டாம் வருடம் அளவையாளர் கப்பி கட்டி, கூடையில் உட்கார்ந்து கீழே போனார். புல்லை மண்ணோடு பெயர்த்து மேலே அனுப்பினார். தச்சர் பாதித் தளத்தின் பலகைகளைக் கழற்றி, அந்த இடத்தில் தகரத் தட்டுகள் வைத்து அந்தப் புல்லைப் பதித்தார். இந்தத் தடவை யாரையும் கேட்காமல் ஒரு விரற்கடை விட்டுக் கூழாங்கல் நிரப்பினார். அந்த அம்மா உருட்டிக்கொண்டு வந்தார். சக்கரம் கடகடவென்று ஒரு நொடி தட்டியது, அவ்வளவுதான். இரண்டு கையாலும் காலைத் தூக்கிப் புல்லில் வைத்தார். “சில்லுனு இருக்கு” என்றார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாதவர் அப்படிச் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா அழுதார், அதைத்தான் பார்க்க முடியவில்லை.

தகரத்தில் வைத்த புல் ஒரு வாரம்தான் தாங்கும். அதனால் அளவையாளர் கீழேயே தங்கிப் புல் வளர்க்கிறார். உச்சி வேளையில் இரண்டு மணி நேரம் வெயில் அங்கே இறங்குகிறது. சாப்பாடு கூடையில் போகிறது, புல் கூடையில் வருகிறது. சாயங்காலம் அந்த அம்மா புல்லைத் தாண்டி மறு ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பார். இப்போதெல்லாம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் அளவையாளரின் தலை தெரிகிறது.

“மட்டமா இருக்கா?” என்று கீழேயிருந்து கேட்கும்.

“இருக்குங்க. போதும், மேல வாங்க.”

குரல் போய்ச் சேரவும் பதில் ஏறி வரவும் நேரமாகும். அந்த அம்மா காத்திருப்பார்.

“பத்து நாள் பொறும்மா. இப்பத்தான் வேர் பிடிக்குது.”

தச்சர் மறுநாளைக்காகக் கயிற்றில் ஒரு விரற்கடை கூட்டிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.