மொரப்பூர் பிளாட்பாரத்தில் ஒரு மாவுக்கட்டு

ஈரோட்டுக்குத் துணி எடுக்கப் புறப்பட்ட கணவரை வழியனுப்ப டாக்டர் ஹாஜிரா மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு அவள் கையில் இருந்தது. ரயில் வந்து நின்றதும் அப்துல் ஷுக்கூர் கூட்டத்தில் முண்டியடித்து ஏறினார். சன்னலோரம் இடம் பிடித்து, தூக்கை வாங்கக் கையை வெளியே நீட்டினார். ஹாஜிரா அங்கே இல்லை.

பிளாட்பாரத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் புடவைக் கொசுவம், மறுகையில் தூக்கு. அதே ரயிலிலிருந்து இறங்கிப் போன ஒரு வாலிபனைத் துரத்திக்கொண்டு, "இந்தாப்பா! மாவுக்கட்டு! கொஞ்சம் நில்லுப்பா!" என்று கத்தினாள்.

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கூட்டினான். கட்டுப் போட்ட காலோடு அவன் போன வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பும் பொங்கியது.

காரணம் இருந்தது. ஹாஜிரா தர்மபுரியில் எலும்பு டாக்டர். தொப்பூர் கணவாயில் லாரி கவிழும்போதெல்லாம் கால் முறிந்தவர்கள் அவளிடம்தான் வந்தார்கள். அப்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் தொடையிலிருந்து விரல்வரை கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். எலும்பு கூடிவிடும், முட்டி மடங்காது. உட்கார்ந்து களை பிடுங்க முடியாதவனுக்குக் கூடிய எலும்பால் என்ன பயன்? வெளிநாட்டில் சிலர் முட்டியை விட்டுவிட்டுக் கட்டி, சீக்கிரமே நடக்க விடுகிறார்கள் என்று படித்தாள். செருப்பில்லாமல் வரப்பில் நடக்கிறவனுக்கு அது ஒத்துவருமா? கட்டின் அடியில் லாரி டயர்த் துண்டை வைத்துப் பார்த்தாள். வீக்கம் வடிந்ததும் நோயாளிகளை எழுப்பி நடக்க விட்டாள். வருடக்கணக்கில் ஒவ்வொருவர் காலையும் பின்தொடர்ந்து பார்த்தாள். எலும்பும் கூடியது, முட்டியும் மடங்கியது.

சென்னை மாநாட்டில் அதைச் சொன்னபோது, "தர்மபுரி எலும்புக்குத் தனிச் சட்டமோ?" என்றார் ஒரு பெரியவர். அரங்கமே சிரித்தது. பிறகு கட்டுரை அச்சில் வந்தது. அதற்குப் பின் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றில் கல் போட்டால்கூடச் சத்தம் கேட்கும் என்று ஹாஜிரா கணவரிடம் அலுத்துக்கொண்டாள்.

இப்போது அந்த வாலிபனின் கட்டுக்கு அடியில் கறுப்பாக, பட்டை பட்டையாக, டயர்த் துண்டு! அவள் போட்ட கட்டு அல்ல அது. தான் தொட்ட காலை அவள் மறக்க மாட்டாள்.

படிக்கட்டருகே அவனைப் பிடித்துவிட்டாள்.

"நான் டாக்டருப்பா. பயப்படாத. இதை யாரு போட்டது?"

"நாக்பூர்லங்க," என்றான் அவன். பெயர் தர்மன். போர்வெல் போடும் லாரியில் வேலை. "கொழாய் உருண்டு கால் மேல விழுந்துட்டுதுங்க. அந்த ஊரு டாக்டரு போட்டாரு."

"நாக்பூரா!" ஹாஜிரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முட்டிய மடக்கு! இன்னும் மடக்கு!"

மடக்கினான். அழகாக மடங்கியது.

"எந்த ஊருன்னு கேட்டாருங்க. தர்மபுரின்னேன். அந்தாளு ஓன்னு சிரிச்சு, நர்சம்மாவையெல்லாம் கூப்ட்டு என்னைக் காட்டுனாரு. எனக்கு இந்தி அரைகொறைங்க. இந்த வைத்தியமே உங்க ஊர்ல இருந்துதான் வந்துச்சு, அங்க ஒரு டாக்டரம்மா எழுதுனதுன்னாரு. அங்க ஏழெட்டுப் பேரு இதோடவே நடக்கறாங்க."

"அது நாந்தான்யா!" என்று அவள் போட்ட கூச்சலில் வேர்க்கடலை விற்றவள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. ஓடும் பெட்டியிலிருந்து தொப்பென்று குதித்த ஷுக்கூர், தள்ளாடிச் சமாளித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்னம்மா ஆச்சு? யாரு இவரு?"

"நாக்பூருங்க! நாக்பூர்ல நம்ம கட்டுங்க!"

ஷுக்கூருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு அவரும் குனிந்து கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தார். ஈரோடு நாளைக்கும் அங்கேதான் இருக்கும் என்றார்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா, எக்ஸ்ரே எடுக்கணும்," என்றாள் ஹாஜிரா.

"ஆத்தா காத்துக்கிட்டிருக்குங்க. மொதல்ல வூட்டுக்குப் போவணும்."

"சரி, நாங்களும் வர்றோம்."

மூவரும் வாடகைக் காரில் ஏறினார்கள். அவன் வீடு வரும்வரை ஹாஜிரா ஓயவில்லை. ராத்திரி வலித்ததா, சைக்கிள் மிதித்தாயா, அந்த டாக்டர் பஞ்சு எவ்வளவு கனத்துக்கு வைத்தார் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பதில் வரும் முன்பே தன் தொடையில் தட்டிச் சிரித்தாள். தர்மனுக்கும் அது தொற்றிக்கொண்டது.

வாசலில் தர்மனின் அம்மா குள்ளம்மாள் அழுவதற்குத் தயாராக நின்றிருந்தாள். மகன் படுத்த படுக்கையாக வருவான் என்று கட்டில்கூடப் போட்டு வைத்திருந்தாள். அவனோ காரிலிருந்து இறங்கி விறுவிறுவென்று நடந்து வந்தான். பின்னாலேயே முன்பின் தெரியாத ஓர் அம்மாள், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்டா, உன் காலு ஒடஞ்சதுக்கா இந்தம்மா இப்பிடிச் சிரிக்குது?"

"கூடிட்டதுக்கு ஆத்தா," என்றாள் ஹாஜிரா, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு.