11.20 முதல் 11.23 வரை மௌனம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல் 'மௌனம்'. ஒரு சிகிச்சை அறையின் குறிப்புத் தாளில் நீல மையில் எழுதப்பட்டது. அது பொய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், அல்லது நான் போய்விடுவேன்.

பிழைப்புக்கு நான் பார்ப்பது பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. கதை எழுதுவது அதற்கு மேல் பிடித்த பைத்தியம். ஊரார் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் தப்பு கண்ணில் படாதா என்று கேட்காதீர்கள். படும். பட்டதும் அடித்துவிடுவோம், அதுதான் எங்கள் தொழில்.

2

தொடக்கம், முதல் வரைவு:

நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். மருந்து தன் மாயக் கதவை—

[மாயம், பயணம், கதவு, கடல். இந்த மருந்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த நான்கும் கூப்பிடாமலே வந்து நிற்கும். நான்கையும் அடிக்கிறேன்.]

இரண்டாம் வரைவு:

காலை பத்தே முக்காலுக்கு நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். சாய்வு நாற்காலியில் படுத்திருந்த பெண்ணின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். வாந்தி வந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்தாள். கெட்டமைன் ஊசி தோளில் இறங்கியதும் கண்ணை மறைக்கக் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு, தாள் செருகிய அட்டையோடு முக்காலியில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கணவன் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டு ஒரு வருடம் எட்டு மாதம் ஆகிறது. [எப்படி என்று எழுதமாட்டேன். அது யாருக்கும் உதவாது.] அன்றிலிருந்து கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தாள். மூன்று வகை மாத்திரை கொடுத்துப் பார்த்தும் பலனில்லை. சாக வேண்டும் என்று சொல்வதில்லை. "இருக்கணுமா?" என்று மட்டும் கேட்பாள், விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கிற குரலில்.

டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஊசி மட்டும் ஒண்ணும் பண்ணாதுங்க. ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கிற மருந்துதான் இது, அளவு கம்மி. ஒரு முக்கால் மணி நேரம் மனசு பிடிய விடும். அப்ப பேசினதுல பாதி அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. அதை நாம திருப்பிக் குடுக்கணும். வைத்தியமே அங்கதான் இருக்கு."

ஆகவே அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. கேட்டதைக் கேட்டபடியே எழுது. நேரம் போடு. திருத்தாதே. பேச்சில்லாத நேரத்துக்கு 'மௌனம்' என்று எழுது. "மூளைய வீட்டுல வச்சிட்டு வாங்க, காதும் கையும் போதும்" என்பார் டாக்டர்.

3

இந்த நர்ஸ் எனக்குச் சரியாக வரவில்லை. பத்து வருட அனுபவம் கொடுத்தேன், முட்டிவலி கொடுத்தேன், வீட்டுக்காரரோடு ஒரு சண்டைகூடக் கொடுத்துப் பார்த்தேன். உயிர் வரவில்லை. இவள் தாளில் ஒரு பொய் எழுதப்போகிறாள். ஏன் எழுதினாள்? இரக்கம் என்று வைத்தால் கதை அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் சந்தேகம் வருகிறது.

4

முதல் இரண்டு ஊசியிலும் பெரிதாக எதுவும் வரவில்லை. "மெஷின் சத்தம்." "தண்ணி ஓடுது." "என் கால் எங்க?" இவ்வளவுதான் தாளில் இருந்தது. ஆனாலும் இரண்டாவது வாரம் அவள் தானாகத் தலை வாரினாள். ஒரு நாள் கடைக்குப் போய், தேய்க்கும் இயந்திரத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு வந்தாள். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, கண் பட்டுவிடுமோ என்ற பயம்.

மூன்றாவது ஊசி. 11.20.

"ஃபோன் அடிக்குது. மேசை மேலதான் இருக்கு. பையில இருந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்... பையில இல்ல. அவரு பேரு வருது. மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. பாத்தேன். இன்னும் ஆறு லென்ஸ் பாக்கி, எடுத்தா மறுபடியும் அழுவாருன்னு... எடுக்கல. அடிச்சு அடிச்சு நின்னுடுச்சு. வேற யாரையுமே கூப்பிடல அவரு. என்னை மட்டும்தான் கூப்பிட்டாரு. நான்தான் கொன்னேன். நான்தான்."

திரும்பத் திரும்ப அதையே, மூன்று நிமிடம். கறுப்புத் துணிக்குக் கீழிருந்து கண்ணீர் காது வரை இறங்கியது.

நர்ஸ் எழுதினாள்: 11.20 முதல் 11.23 வரை மௌனம்.

5

மறுநாள் டாக்டர் அறையில் தாள் வாசிக்கப்பட்டது.

"மௌனமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "நான் பேசலையா?"

"இல்ல, அமைதியாத்தான் இருந்தீங்க" என்றாள் நர்ஸ்.

"ஏதோ சொன்னேனே. தொண்டையெல்லாம் கட்டியிருக்கு. கண்ணுல கட்டின துணி நனஞ்சிருந்துச்சே."

"வேர்த்திருக்கும்."

அவள் தாளைத் தள்ளி வைத்தாள். "அங்க போயும் எனக்கு ஒண்ணும் வரல போல" என்றாள்.

அந்த வாரமே மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். "இருக்கணுமா?" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். முன்பு கேள்விதான் பயமாக இருந்தது, இப்போது கேட்காதது அதைவிடப் பயமாக இருக்கிறது. தனியே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

[பார்த்துக்கொள்கிறார்கள் என்று இருந்திருக்க வேண்டும். மெய்ப்புத் திருத்துகிறவளுக்கே கை நழுவுகிறது. இதை மட்டும் அடிக்காமல் விடுகிறேன்.]

6

சரி. நர்ஸை அனுப்பிவிடுகிறேன். பாவம், அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த மூன்று நிமிடமும் அவள் அறையிலேயே இல்லை, காற்றுப் பிடிக்காத ரத்த அழுத்தப் பட்டைக்குப் பதிலாக வேறொன்று எடுத்துவர வெளியே போயிருந்தாள். வீட்டு ஆள் குறிப்பெடுப்பது அங்கே வழக்கம். "நீங்க எழுதுறவங்க, கை ஓடும்" என்று அட்டையை என்னிடம்தான் கொடுத்திருந்தார்கள். படுத்திருந்தது என் அண்ணி. செத்தது என் அண்ணன். "வேர்த்திருக்கும்" என்றதும் நான்தான்.

[இனி 'அவர்'. அண்ணியை நான் ஒரு நாளும் அவள் இவள் என்றதில்லை.]

இரக்கப்பட்டு எழுதவில்லை. அன்று மதியம் இரண்டு நாற்பத்து மூன்றுக்கு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். அவன் பேரைப் பார்த்தேன், துண்டித்தேன். அண்ணியாவது அடித்து ஓயும்வரை விட்டார். நான் துண்டித்தேன், அது அவனுக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறான். செய்தி வந்ததும் முதல் வேலையாக அந்த அழைப்பை என் ஃபோனிலிருந்து அழித்தேன். அவனுடைய ஃபோன் அலமாரியில் கிடக்கிறது, பூட்டைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது.

"என்னை மட்டும்தான் கூப்பிட்டாரு" என்று அண்ணி அழுதார். அது உண்மையில்லை என்று அறிந்த ஒரே ஆளான நான் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். எழுதினால் டாக்டர் வாசிப்பார். வாசித்தால் அண்ணி என் முகத்தைப் பார்ப்பார். பார்த்தால் நான் சொல்லியாக வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

7

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். அண்ணி என் கையைப் பிடித்து, "நீயுமா?" என்கிறார். இரண்டு பேரும் அழுகிறோம். [பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கையில்லை.]

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறேன். அண்ணி எழுந்து போகிறார். அந்த வீட்டு வாசலை அதற்குப் பிறகு நான் மிதிப்பதில்லை. ஆனால் அவர் இருக்கிறார், லென்ஸ் தேய்க்கிறார், என்னைச் சபித்துக்கொண்டாவது. [இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. இதற்குத்தான் பயப்படுகிறேன்.]

முடிவு மூன்று: சொல்லவில்லை. ஒரு நாள் என் முறைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போகிறேன். கதவைத் தட்டுகிறேன். உள்ளே—

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

இன்று மதியம் என் முறை. அண்ணி சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "நீ கதை எழுதுறவ, பொய் சொல்றது உனக்குக் கைவந்த கலை. இதுல மட்டும் நிஜத்தச் சொல்லு. அன்னிக்கு நான் ஒண்ணுமே சொல்லலையா?"

"நாளைக்கு டாக்டர்கிட்ட அந்தத் தாளை இன்னொரு தடவை வாசிப்போம் அண்ணி" என்றேன்.

"நீயே வாசி" என்றார்.

தாள் என் முன்னால் இருக்கிறது. 'மௌனம்' என்பதை அடித்துவிட்டேன். அடிக்கத் தெரிந்த கைக்கு அங்கே எழுத வரவில்லை. அண்ணி சொன்னதையும் நான் சொல்லாததையும் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். நாளை காலை பத்து மணிக்கு அண்ணி எதிரே உட்கார்ந்து, நீங்கள் எழுதுவதைத்தான் வாசிக்கப்போகிறேன். விதி உங்களுக்குத் தெரியும். கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள். எனக்காகத் திருத்தாதீர்கள்.

11.20 முதல் 11.23 வரை: