பேனா நின்ற கேள்வி

காசிமாயனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்குள் பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அவர்களை ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டு மலைப்பாதை வழியாக ராசிங்காபுரத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வருஷக்கணக்காகச் செய்கிற வேலைதான். இன்றைக்கு அதை நினைத்ததும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டான்.

நேற்று மெட்டிறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தான். டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர்கள் செய்கிற கெட்டிக்காரத்தனம் அது. கெட்டிக்காரத்தனம் என்று அவர்களாகச் சொல்லிக்கொள்வது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தால் பெடல் கல்லாக நின்றது. எழுந்து நின்று மிதித்த பிறகுதான், தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு வண்டி நின்றது. பின்னால் பெண்கள் அலறினார்கள்.

"ஒண்ணுமில்லக்கா, பஸ்சுக்கு ஒதுங்குனேன்" என்றான், வாய் கூசாமல். தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்த பஸ்சும் வரவில்லை என்று எப்படித் தெரியும்?

காலையில் மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தான். "பிரேக்குல ஒரு கொறையும் இல்லண்ணே. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு மிதிச்சா இறுகத்தான் செய்யும்." பழியைப் போட வண்டியும் இல்லாமல் போனது.

அவன் மனைவி சிவரஞ்சனி நர்சரிப் பள்ளி டீச்சர். முகத்தைப் பார்த்தே என்னவோ என்று கண்டுபிடித்துவிட்டாள். சாப்பாட்டுப் பையில் தாளும் பேனாவும் வைத்துக் கொடுத்தாள்.

"எங்கிட்டச் சொல்ல வேணாம். ஒரு கேள்வி எழுதுங்க, பதில் எழுதுங்க. அந்தப் பதிலையே திரும்பக் கேள்வி கேளுங்க. பேனா எங்க நிக்குதோ அங்கதான் விசயம் இருக்கு. டிரெய்னிங்குல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

"ஆமா, நான் பரிச்சைக்குல்ல போறேன்" என்று நக்கலடித்துவிட்டு வந்தவன், இப்போது வேறு வழியில்லாமல் ஸ்டியரிங் மேல் தாளை வைத்துக்கொண்டான்.

எதுக்குப் பயப்படுறே?
எல்லாரையும் கொன்னுருப்பேன்.
இனிமே எஞ்சின அணைக்காட்டிப் போச்சு. பெறகென்ன?
பொய் சொல்லிட்டேன்.
உண்மையச் சொல்றதுக்கென்ன?
வேற ஜீப்புக்குப் போயிருவாங்க. ஓனர் சாவியப் புடுங்கிருவாரு.
ஆபத்துன்னு முன்னாடி தெரியாதா?
எல்லாரும்தான் செய்றாங்க.
அதக் கேக்கல. போன ஞாயித்துக்கெழமை மெட்டு பாக்க ஒம் மகளக் கூட்டிட்டு வந்தியே, எறக்கத்துல அணைச்சியா?
இல்ல.
ஏன்?

பேனா நின்றது. அன்றைக்கு இரண்டாவது கியரில் அல்லவா ஊர்ந்து வந்தான்? அப்படியானால் தெரியாமல் செய்த தப்பில்லை. தெரிந்தே, ஆள் பார்த்துச் செய்திருக்கிறான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெண்கள் வந்து ஏறிவிட்டால் சொல்ல வாய் வராது என்றும் பயமாக இருந்தது.

அதற்குள் அவர்கள் வந்து ஏறியே விட்டார்கள். ஆயம்மாள் தன் மகள் சுகன்யாவைப் பக்கத்தில் நெருக்கி உட்காரவைத்துக்கொண்டு, "வெரசா எடப்பு, மழ வருது" என்றாள்.

காசிமாயன் இறங்கிப் பின்பக்கம் போனான். "அக்கா, நேத்து பஸ்சு எதுவும் வரல. எஞ்சின அணைச்சிட்டு எறக்குனேன், பிரேக்கு புடிக்கல. இன்னைக்கு அணைக்க மாட்டேன்."

ஆயம்மாள் கேட்டாள்: "நேத்து மட்டுமா?"

"தெனமும்."

"பாவி" என்றாள் யாரோ ஒருத்தி. இரண்டு பேர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

ஆயம்மாள் மகளின் தோளைத் தட்டினாள். "எறங்குடி சுகன்யா. அவுகளோட பஸ்சுல வா."

சுகன்யா இறங்கினாள். ஆயம்மாள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"நீங்க போகலயாக்கா?"

"பஸ்சு எப்ப வர? நான் வெரசாப் போயி ஒல வைக்கணும்ல" என்றாள். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குன்னாப் பரவாயில்லப்பு. அவ எம்புள்ள."