நான் எண்ணெய் போட்ட கம்ப்யூட்டர்

என் கணவர் கிருபாநிதி கடைசியாகக் கப்பலேறியது 1979 டிசம்பரில். அந்தக் கப்பல் எந்தக் கரைக்கும் வந்து சேரவில்லை. ஏன் போனார் என்று கேட்டவர்களிடமெல்லாம், கம்பெனி தந்தி கொடுத்துக் கூப்பிட்டது, போனார் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோனது. அதைக் கெடுத்தது நான்.

அவர் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரிகல் ஆபீசர். அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் அதைப் பழைய சாமானாக வாங்கி வந்திருந்தார். டைப்ரைட்டர் போலப் பொத்தான்கள் வைத்த பெட்டி, எழுத்து தெரிவதற்கு ஒரு சின்ன டி.வி., புரோகிராமைப் பதிந்து வைக்க ஒரு கேசட் பிளேயர். டி.வி. வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கள் தெருவே சினிமா பார்க்க வந்தது. வெறும் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஓய் இம்புட்டுத் தூரம் செமந்துட்டு வந்தீரு?" என்று கேட்டுவிட்டுப் போனது.

கப்பலில் எந்த அறையில் எவ்வளவு சரக்கு ஏற்றினால் எவ்வளவு சாயும் என்று கணக்குப் போடும் புரோகிராம் ஒன்றை அவர் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதி முடித்திருந்தார். சென்னையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அதைப் பார்க்கத் திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கே வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் அவருக்குச் சென்னையில் ஆபீஸ் வேலை. அப்புறம் கடல் கிடையாது. அதே வாரம் பம்பாய்க் கம்பெனியின் தந்தியும் வந்தது. புதன்கிழமை கப்பலேற வேண்டும், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் வேண்டும்.

அவர் கடலில் இருக்கும் மாதங்களில் தந்திச் சேவகர் எங்கள் தெருவில் சைக்கிளை நிறுத்தினாலே யார் வீட்டுக்கு என்று தெரியும்வரை வாசலைவிட்டு நகரமாட்டேன். திங்கட்கிழமையோடு அது தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் ஊர் கடலோரம், காற்றில் உப்பு. ஜன்னல் கொண்டி, தையல் மெஷின், சைக்கிள் செயின் என்று வீட்டில் உள்ள இரும்புக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் போடுவேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வெளியே போயிருந்தார். கம்ப்யூட்டரின் மூடி கழற்றிக் கிடந்தது. உள்ளே ஒரு பச்சைப் பலகை. அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள், சிலது லேசாகக் கறுத்திருந்தன. துரு பிடிக்கிறது என்று பதறிப்போனேன். பலகையை உருவி, பழைய பனியன் துணியில் மெஷின் எண்ணெயை நனைத்து, ஓரம் முழுக்கத் துடைத்து, இருந்தபடியே செருகி வைத்தேன். அவரிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஜன்னல் கொண்டிக்குப் போட்டதைச் சொல்வேனா?

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேசட்டைப் போட்டார். பாதி ஓடியதும் திரையில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று சிதறி அப்படியே உறைந்து நின்றன. அணைத்துப் போட்டார். திரையில் ஒன்றும் வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வெறும் வெளிச்சம்.

அடுத்த வீட்டு ரேடியோ மெக்கானிக் பர்னபாஸ் மீட்டரோடு வந்தார்.

"என்னவே, கொழும்பு ரேடியோ எடுக்கலியோ?"

"வெளையாடாதீரும். கரண்டைப் பாரும் முதல்ல."

வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பியூசும் நன்றாக இருந்தது. டி.வி. ஒயரை மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் சரி என்று ஆக ஆக எனக்கு முந்தின நாள் எண்ணெய் போட்டது ஞாபகம் வந்தது. மிச்சம் இருந்தது அந்தப் பலகைதான். அதையும் என் கணவர் உருவிப் பார்த்தார். ஆனால் அவர் கண் மேலே இருந்த சிப்புகளில் இருந்தது, ஓரத்தில் இல்லை.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "மெமரி சிப்பு எரிஞ்சிருக்கும். அப்படின்னா இங்கன ஒண்ணும் செய்ய முடியாது. அமெரிக்காவுலதான் கெடைக்கும்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். எரித்தது நானா? அவர் என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியவர் இல்லை. நான் பயந்தது அவருக்கில்லை. எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிட்டால், அவரைக் கடலுக்கு அனுப்பியவள் நானாகிவிடுவேனே என்று பயந்தேன். சமையற்கட்டில் போய் நின்றுகொண்டேன்.

பதினொரு மணிக்குச் சட்டையை மாட்டினார். "தந்தியாபீசுக்குப் போயிட்டு வந்துருதேன்" என்று சைக்கிளை எடுத்தார். பர்னபாசும் கிளம்பினார்.

வீட்டில் நானும் அந்தப் பெட்டியும்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும் என்று அவர் சொல்லியிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. இருநூறு வரை எண்ணிவிட்டுக் கையை விட்டேன். பலகை இரண்டு தடவை வழுக்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எண்ணெயில் பனியன் நூலும் தூசியும் ஒட்டி ஓரம் பிசுபிசுவென்று இருந்தது. ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து ஒவ்வொரு தகடாகத் தேய்த்தேன். செருகும் பள்ளத்தையும் துடைத்துக் காயவிட்டு, பலகையைச் செருகினேன். ஸ்விட்சைப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது திரையில் 'ரெடி' என்ற ஆங்கில எழுத்துகள் நின்றன.

கதவைக்கூடப் பூட்டாமல் ரிக்‌ஷா பிடித்தேன். தந்தியாபீஸ் கவுண்டரில் அவர் குனிந்து ரசீதை மடித்துக்கொண்டிருந்தார். கவுண்டர்காரர் வன்னியபெருமாள் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வீட்டுல கையோட தேடி வந்துட்டாவ. அரிசி வாங்க அனுப்புன ஆளா நீரு?" என்றார்.

"ஓடுது" என்றேன். "மெஷின் ஓடுது."

"எப்படிளா, ஞானம்?"

"அந்தப் பலகை ஓரத்தை ரப்பரால தேச்சேன். அழுக்கா இருந்துச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டீரா வன்னியபெருமாள்? நானும் பர்னபாசும் மூணு மணி நேரமா மண்டையை ஒடைச்சோம். கணக்கு டீச்சர் ரப்பரை வச்சு முடிச்சிட்டா."

"தந்தி?"

"ரெண்டும் போயிட்டு. பம்பாய்க்கு வாரேன்னு ஒண்ணு. மெட்ராசு ஏஜெண்டுக்கு வர வேண்டாம்னு ஒண்ணு."

"அதுக்கென்ன, இன்னும் ரெண்டு அடிச்சா போச்சு" என்று வன்னியபெருமாள் வெற்றுத் தந்திப் பாரம் இரண்டை நீட்டினார். என் கணவர் வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு போய், பழுது பார்க்கும்போது வரும் முகம் வந்தது.

"நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லா ஓடிச்சு. ராத்திரியில எப்படி அழுக்காகும்? காரணம் தெரியாத பழுது திரும்ப வரும், ஞானம். அந்த ஏஜெண்டு முன்னால நின்னு போச்சுன்னா மெட்ராசும் இல்ல, பம்பாயும் இல்ல. காரணம் தெரிஞ்சா தைரியமா அவரை வரச் சொல்லலாம்." என்னைப் பார்த்தார். "நீ பாக்கும்போது என்ன மாதிரி இருந்துச்சு? ஏதாவது தெரிஞ்சுதா?"

அவர் பேனா பாரத்தின் மேலேயே இருந்தது. வன்னியபெருமாளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பாரம் இரண்டையும் அடுக்கி வன்னியபெருமாளிடமே கொடுத்தார். "சரி விடும். ஒம்பது மாசம்தான. அதுக்குள்ள எதுனால நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சிருதேன்" என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு வீடுவரை நடந்து வந்தார். வழியில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டபோதெல்லாம் நின்று, நான் ரப்பரால் கம்ப்யூட்டரைச் சரிசெய்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.